ஜூரி தின்ற ரோல்ஸ்

லண்டன் நீதிமன்றங்களில் இருபது வருடமாகப் பொய்முடி மாட்டிக்கொண்டு வாதாடுகிறேன். ஜூரிமார் மதியம் என்ன சாப்பிட்டார்கள் என்பதில்தான் என் கட்சிக்காரரின் தலையெழுத்து இருக்கிறது என்று விருந்துகளில் பகிடியாகச் சொல்வேன். இப்போது சொல்வதில்லை.

என் கட்சிக்காரரான ஒரு அண்ணைக்குக் கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் சின்னக் கடை. போத்தல் திருட வந்தவன் கத்தியை எடுக்க, இவர் தள்ளிவிட்டார். விழுந்தவனின் தாடை உடைந்தது. வழக்கு அண்ணை மேல் வந்தது. நாட்டைவிட்டு ஓடிவிடுவார் என்று பாஸ்போர்ட்டைப் பொலிஸ் வாங்கி வைத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் அவருடைய தாயார் படுத்த படுக்கை. வழக்கு முடிந்தால்தான் போய்ப் பார்க்கலாம். விசாரணைக்குத் தேதி கிடைக்கவே இரண்டு வருடம் போனது. கூரை ஒழுகி வாளி வைத்திருக்கும் கட்டடத்தில் நீதி மட்டும் விரைந்து வருமா என்ன?

விசாரணை எங்கள் பக்கம் நன்றாகவே போனது. கடைக் கமெராவில் கத்தி தெளிவாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் பிற்பகல் கடைசிச் சாட்சி அண்ணையின் மனைவி. சாட்சி சொல்லும்வரை உள்ளே வரக்கூடாது என்பதால் அக்கா மூன்று நாளும் வெளியிலேயே இருந்தார். எப்படி நிற்பது, எதை மெதுவாகச் சொல்வது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அவர் கூண்டில் ஏறியதும் ஜூரியில் இருந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவரின் முகம் வெளுத்தது. நீதிபதிக்கு ஒரு துண்டு எழுதி அனுப்பினார். மதியம் வாசல் வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்த அம்மா எனக்கு நான்கு மட்டன் ரோல்ஸ் தந்தார், யாரென்று தெரியாது, ஒன்றைத் தின்றுவிட்டு மூன்றை ஜூரி அறையில் மூன்று பேருக்குக் கொடுத்தேன், மிகவும் ருசியாக இருந்தது என்று எழுதியிருந்தார். அவ்வளவு நேர்மையான மனிதர். எனக்கு அவர் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது.

சாட்சி தந்ததைத் தின்றவர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பன்னிரண்டு பேரில் தின்ற நால்வரையும் நீக்கினால் மிச்சம் எட்டுப் பேர். ஒன்பதுக்குக் குறைந்தால் ஜூரி செல்லாது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. நீதிபதி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதிய விசாரணைக்குப் பதினான்கு மாதம் தள்ளித் தேதி போட்டார்.

வெளியே அக்காவிடம் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

"பக்கத்திலை ஒரு மனுசன் வெறுங்கையோடை இருக்க, நான் மட்டும் எப்பிடிப் பிள்ளை சாப்பிடுறது?" என்றார்.

யாருக்கும் சாப்பாடு கொடுக்காதீர்கள் என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் சனத்தை எனக்குத் தெரியாதா?

பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டு மனுப் போட்டேன். மறுத்தார்கள். ஆறாம் மாதம் தாயார் இறந்தார். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் செத்தவீட்டைக் கடைக்குள் நின்று போனில் பார்த்தார்.

இரண்டாவது ஜூரி நாற்பது நிமிடத்தில் குற்றவாளி இல்லை என்றது. கைகொடுத்தேன். அண்ணை நன்றி சொல்லிவிட்டு, "இனி அவசரமில்லை, பாஸ்போர்ட்டை ஆறுதலாத் தரச்சொல்லுங்கோ" என்றார்.

வாசலில் அதே வாங்கில் அக்கா மடியில் சாப்பாட்டுப் பெட்டியோடு இருந்தார். என்னைப் போலவே காலையிலிருந்து அவரும் சாப்பிடவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூடியைப் பாதி திறந்தவர், என் முகத்தைப் பார்த்துக் கையை நிறுத்தினார்.

"உங்களுக்குத் தரலாமோ, பிள்ளை?"