கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்

தையல்காரம்மாவின் வீட்டில் ஒரு பழைய கேலி உண்டு. சொந்த மகள் படுத்திருக்கும் கட்டிலில்கூட, "இங்க உக்காரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் உட்காருவார். "தாராளமா உக்காருங்க மேடம், உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்பாள் மகள்.

ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி அங்கே வருகிறவர்களுக்கு அவர் துணை இருப்பார். சம்பளம் கிடையாது. போன் வந்தால் தையல் மெஷினை மூடிவிட்டுக் கிளம்புவார். கையில் ஒரு பை, அதில் அவரே தைத்த தொளதொள உடுப்பு ஒரு ஜோடி. உடுத்தி வந்த துணியைத் தடயமாக எடுத்துவைத்துவிடுவார்கள் அல்லவா? இடுப்பில் எலாஸ்டிக் வைத்திருப்பதால் யாருக்கும் பொருந்தும்.

அந்த வாரம் அழைப்புக்கு மேல் அழைப்பு. கால் வீங்கி, செருப்பு வார் பதிந்து கிடந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி அறைக்குள் போனால், கட்டிலின் மூலையில் ஒரு பெண் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அண்ணன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வேண்டுமா என்று நர்ஸ் கேட்டால்கூட அவர்தான் பதில் சொன்னார். பரிசோதனையெல்லாம் வேண்டாம், நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போகும், கூட்டிக்கொண்டு போகிறோம் என்று ஒரே பிடியாக இருந்தார். தள்ளிப்போட்டால் தடயம் நிற்காது என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். வேண்டுமோ வேண்டாமோ, அது அந்தப் பெண் வாயால் வர வேண்டும். அவளோ வாயே திறக்கவில்லை.

அசதியில் தையல்காரம்மா கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். கேட்கவில்லை. அந்தப் பெண் வெடுக்கென்று நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது. எழுந்துவிட்டார். "தப்பு பண்ணிட்டேம்மா. கேட்டிருக்கணும். இங்க உக்காரலாமா?"

"உக்காருங்க, அதுல என்ன இருக்கு" என்றார் அண்ணன்.

"உங்கள கேக்கல தம்பி."

அந்தப் பெண் அண்ணனை ஒரு முறை பார்த்துவிட்டு, "வேண்டாம்" என்றாள்.

"சரிம்மா."

அறையில் வேறு நாற்காலி இல்லை. தையல்காரம்மா சுவரில் சாய்ந்து நின்றார். கால் விண்விண்ணென்று தெறித்தது. தான் சொன்ன ஒரு சொல்லுக்கு ஒருவர் கட்டுப்பட்டு நிற்பதை அந்தப் பெண் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் திரும்ப வந்து கேட்டபோது அண்ணன் வாயெடுத்தார். அதற்குள் அவள் சொன்னாள்: "பண்ணுங்க டாக்டர். அண்ணன் வெளிய இருக்கட்டும்."

அண்ணன் வராந்தாவில் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர்மேல் கோபப்படக்கூடத் தையல்காரம்மாவுக்குத் தெம்பில்லை. "நானும் போகட்டுமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க இருங்க."

முடியும்வரை நின்றார். கிளம்பும்போது அந்தப் பெண்ணுக்கு உடுப்பு நீளமாக இருந்தது. கேட்டுவிட்டு, கீழ்விளிம்பை மடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மகள் தானாகவே காலை மடக்கி இடம் விட்டாள். அப்படியும் அவர், "உக்காரலாமா?" என்றார். அன்றைக்கு மகள் கேலி பண்ணவில்லை. "உக்காரும்மா" என்றாள். உட்கார்ந்தார். பை காலியாக இருந்தது. நாளைக்கு இன்னொரு ஜோடி தைத்தாக வேண்டும்.