தார் ரோட்டில் மட்டும் வரும் சத்தம்

வெர்னா ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்தாள். டொக். வண்டி ஒரு உதறு உதறி, அடியிலிருந்து இன்னொரு டொக். ஆஸ்பத்திரி வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டுச்சா?"

"காது இன்னும் சாகல," என்றான் பக்கத்து சீட்டிலிருந்த அவள் கணவன் ஆர்விட்.

கிழக்கு மொன்டானாவில் அவர்கள் பண்ணையிலிருந்து இந்த ஆஸ்பத்திரிக்குத் தொண்ணூறு மைல். வாரம் மூன்று முறை ஆர்விடுக்கு டயாலிசிஸ். ஆஸ்பத்திரி வேன் அவ்வளவு தூரம் வராது, பஸ் என்ற பேச்சே கிடையாது. இந்த இருபது வருஷத்துப் பிக்கப் வண்டி நின்றால் ஆர்விடும் நின்றுவிடுவான்.

ஆர்விட் நாற்பது வருஷம் அந்த வட்டாரத்து டிராக்டர், லாரி எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டியவன். பானெட்டைத் திறக்காமலே சத்தத்தை வைத்து நோயைச் சொல்வான். இப்போது கையில் பலமில்லை. கொட்டகையில் மடக்கு நாற்காலி போட்டு அவன் சொல்லச் சொல்ல, அறுபத்தாறு வயதில் வெர்னா வண்டிக்கடியில் படுத்தாள். முன் சக்கரத்தைத் தாங்கும் பந்துமூட்டு, பால் ஜாயின்ட் என்றான். இரண்டு நாள் சுத்தியலால் அடித்து, கட்டைவிரல் நகம் கறுத்துப்போய், மாற்றினாள். டொக். முன் ஆக்சில் ஜாயின்ட் என்றான். அதையும் மாற்றினாள். சத்தம் கடுகளவும் குறையவில்லை.

"விட்டுடு வெர்னா. வண்டிக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு."

"உன் வயசை யாரு கேட்டா? அடுத்து எதுன்னு சொல்லு."

"ஸ்டியரிங் பாக்ஸ். அதக் கழட்டினா ரெண்டு வாரம் வண்டி நகராது."

டயாலிசிஸ் இல்லாமல் இரண்டு வாரம் என்றால் என்ன ஆகும் என்று டாக்டர் இருவருக்கும் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தார். கை கழுவப்போன வெர்னா குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அந்த வியாழக்கிழமை ஆர்விடை டயாலிசிஸ் மெஷினில் பூட்டியதும், பார்ட்ஸ் கடை லைலிடம் போனாள்.

"மறுபடியுமா? இன்னும் ரெண்டு பார்ட் மாத்தினா அது வேற வண்டி ஆயிடும்!"

வெர்னா சிரிக்கவில்லை. "ஸ்டியரிங் பாக்ஸ் இருக்கா?"

அவள் முகத்தைப் பார்த்து லைல் குரலை இறக்கினான். "சத்தம் எப்ப வருது?"

"டவுன்ல திரும்பறப்ப. பார்க்கிங்ல, பெட்ரோல் பங்க்ல."

"உங்க வீட்டு ஜல்லி ரோட்டுல?"

அவள் யோசித்தாள். வீட்டுக்குப் போகும் பாதையில் இரண்டு பெரிய வளைவு. "வராது."

"அப்ப ஜாயின்ட்டும் இல்ல, பாக்ஸும் இல்ல. காஞ்ச தார்ல நாலு சக்கரத்துக்கும் இழுவை குடுத்து ஓட்டுறே. ஜல்லின்னா சக்கரம் வழுக்கி விட்டுக்கொடுக்கும். தார் விடாது, அடியில இருக்கிற அச்சு முறுக்கிக்கிட்டுத் தெறிக்கும்."

"அத பனியிலதான் போடுவோம், பனி உருகி ஒரு மாசமாச்சு. அதுவுமில்லாம அது போட்டிருந்தா முன்னாடி விளக்கு எரியுமே?"

"எரியணும். ஆர்விட் இதைத் தூக்கத்துலகூடச் சொல்வானே, எங்கிட்ட ஏன் வந்தே?"

அவள் விறுவிறுவென்று வண்டிக்கு வந்து ஏறினாள்.

அந்த ஊரில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பாதிப் பேர் எஞ்சினைப் பார்ப்பதில்லை, விளக்கின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு ஓட்டுவார்கள். ஆர்விடும் ஒட்டியிருந்தான், எட்டு வருஷத்துக்கு முன்னால். அது வெளுத்து ஓரம் சுருண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு துண்டு. புதுசு, பளபளவென்று. கறுத்த நகத்தாலேயே அதை உரித்தாள். நான்கு சக்கர விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. நான்கு சக்கர இழுவையைப் போட்டு எடுக்கும் குமிழில் எழுத்து தேய்ந்துபோய் எத்தனையோ வருஷம். எந்தப் பக்கம் எது என்று ஆர்விடின் விரலுக்குத்தான் பழக்கம்.

வண்டியை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

ஆர்விட் கையில் கட்டோடு வெளுத்துப்போய் வந்து ஏறினான். விளக்கைப் பார்த்தான்.

"இதத் திருப்பிவிட்டு, டேப்பும் ஒட்டி எத்தனை நாளாச்சு?" என்றாள்.

"மூணு வாரம்."

"நான் அடியில படுத்து அடிச்சுக்கிட்டு இருந்தேன். நீ உக்காந்து வேடிக்கை பாத்தே."

"முதல் ஜாயின்ட்டோட விட்டுடுவேன்னு நெனச்சேன். யாரு கண்டா, நீ இப்படி ஒரு மெக்கானிக்குன்னு."

"சிரிப்பு காட்டாதே ஆர்விட். ரொம்ப முடியலையா?"

அந்தப் பக்கத்து ஆம்பிளைகளை எப்படி இருக்கே என்று கேட்டால் ஒரே பதில்தான். கால் துண்டாகிக் கிடந்தாலும் 'மோசமில்லை' என்பார்கள். நாற்பத்து நான்கு வருஷமாக அவள் கேட்ட பதில்.

"மோசமில்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். "முடியல வெர்னா. மெஷினும் முடியல, நீ ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டே கண்ணு சொருகுறதைப் பாக்கவும் முடியல. வரமாட்டேன்னு சொல்ல வாய் வரல. வண்டி நின்னா நின்னதுதானேன்னு பாத்தேன்."

அவள் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துச் சத்தமாகவே அழுதாள். வாசலில் நின்ற நர்ஸ் பார்த்தாள், பார்க்கட்டும்.

"போறதுன்னா எங்கிட்ட சொல்லிட்டுப் போ. வண்டி மேல பழியப் போடாதே. சனிக்கிழமை வரியா, இல்லையா?"

அவன் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெர்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு குமிழைத் திருப்பினாள். விளக்கு அணையவில்லை. வண்டியை ஒடித்து எடுத்தாள். டொக். மறுபடி திருப்பினாள். டொக். இதுவும் போச்சா? சனிக்கிழமைக்கு இரண்டே நாள்.

ஆர்விட் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தொண்டையைச் செருமினான்.

"ஸ்டியரிங்க நேரா வெச்சுக் கொஞ்சம் பின்னால எடு. பத்தடி. அப்பத்தான் முறுக்கு விடும்."

அவள் பின்னால் எடுத்தாள். அடியில் ஒரே ஒரு தட்டல், முறுக்கு விட்டது. விளக்கு அணைந்தது.