மீனலோசனியின் முழம்

சுருவில் என்ற எங்கள் தீவு ஊரின் ஓரத்தில் ஓர் ஆறு இருக்கிறது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பங்குனியில் வந்து பார்த்தால் அவர்கள் சிரிப்பது சரியென்றுதான் படும். ஆற்றின் நடுவில் ஆடு கட்டியிருக்கும். ஆனால் மார்கழியில், வயல்களில் நிற்கும் மழைத் தண்ணீரெல்லாம் திரண்டு கடலுக்கு இறங்கும்போது, அதை வாய்க்கால் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. அதன் கரையில் இருப்பதால் பிள்ளையாருக்கு ஆற்றங்கரைப் பிள்ளையார் என்று பெயர்.

இந்தக் கோயிலில், பிள்ளையார் கதை படித்து நோற்கும் பெருங்கதை விரதம் மார்கழியில் முடிந்த மறுநாள் காலை, விரதகாரர் சோறு உண்டு நோன்பு முடிக்கும் பாரணை நடக்கும். அன்று கிடாரம் கிடாரமாகப் பொங்கி, சோற்றை மண்டபத்தில் குவித்துப் பூசை செய்த பிறகுதான் ஊருக்குப் பந்தி. வேறு கோயில்களில் வெள்ளைத் துணியில் குவிப்பார்கள். இங்கே பனையோலைப் பாய். அந்தப் பாயை இழைத்துக் கொடுக்கும் உரிமை ஒரே குடும்பத்துக்கு உரியது. மீனலோசனியின் தாய் பார்வதிப்பிள்ளைக்கு அது அவளுடைய தாய்வழியாக வந்தது.

பாய்க்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. அளவுகோலோ கயிறோ படக்கூடாது. இழைக்கிறவள் தன் கையாலேயே முழம் போட வேண்டும். இழைத்து முடித்த பாயைச் சுருட்டிக் கட்டிச் சுவாமி அறையில் வைத்தால், கோயில் மண்டபத்தில்தான் அவிழ்க்க வேண்டும். இவற்றை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும்.

1968ஆம் ஆண்டு மழை தொடங்கிய கையோடு பார்வதிப்பிள்ளை கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துபோயிற்று. மூத்தவள் மனோகரி கலியாணம் முடித்து நயினாதீவுக்குப் போய்விட்டாள். வீட்டில் மிச்சம் இருந்தவள் மீனலோசனிதான்.

அவள் உயரம் குறைந்தவள். வீட்டு அலுமாரியின் மேல் தட்டிலிருந்து எதை எடுக்கவும் கதிரை வேண்டும். ஆனால் ஓலை வார்ந்தால், ஓரிழைக்கும் மற்ற இழைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஏலாது. அவள் இழைத்த பாயைத் தூக்கி வெயிலில் பிடித்தாலும் ஊசிமுனை வெளிச்சம் வராது. இதை அவளுடைய அக்கா நயினாதீவில் கேட்டவருக்கும் சொல்வாள், கேளாதவருக்கும் சொல்வாள்.

பார்வதிப்பிள்ளையின் தம்பி வைத்திலிங்கத்தின் வீடு ஆற்றுக்கு அக்கரையில். அவருடைய மனைவி இராசேஸ்வரி நெடிய ஆள். வேலிக்கு மேலால் தலை தெரியும். பாய் இழைப்பதிலும் கெட்டிக்காரி. பார்வதிப்பிள்ளை விழுந்த செய்தி கேட்டதும் அவள் பாலத்தால் சுற்றி வந்து, முதலில் கையைப் பார்த்து அழுதாள். பிறகு நேரே கோயில் மனேச்சர் விநாயகமூர்த்தியிடம் போனாள்.

"இந்தமுறை பாயை நாங்கள் இழைக்கிறம். உரிமை என்ரை மனிசனுக்கும் இருக்குத்தானே?"

"பார்வதிக்குப் பெட்டைப்பிள்ளை இருக்கே."

"அந்தக் கட்டைக் கையாலையோ? பெட்டி இழைப்பாள். சுவாமிக்குப் பாய் இழைப்பாளோ?"

விநாயகமூர்த்தி யாரையும் பகைக்க விரும்பாதவர். யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். இந்தமுறை மீனலோசனி இழைக்கட்டும். ஒரு பருக்கைகூட நிலத்தில் சிந்தாமல் பூசை முடிந்தால் உரிமை இக்கரையிலேயே இருக்கும். சிந்தினால் வாற வருஷம் முதல் அக்கரைக்குப் போகும்.

செய்தி கேட்ட பார்வதிப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. தன் காலத்தில் அந்த உரிமை கைமாறிப் போவதா என்ற கவலை. மீனலோசனியோ அன்றைக்கே பாய்க்கான சார்வோலையைக் காய வெயிலில் போட்டுவிட்டாள்.

"நீளம் ஒன்பது முழம், அகலம் ஏழு. மறந்திடாதை" என்றாள் தாய்.

"எணை அம்மா, இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாயையே கனவிலை காணப் பண்ணிப்போட்டாய்."

விறாந்தை சின்னது. பாய் நீள நீள இழைத்த பக்கத்தைச் சுருட்டிக்கொண்டே இழைக்க வேண்டும். முழுப் பாயையும் ஒரே பார்வையில் பார்க்க வழியில்லை. மீனலோசனி முழம் போட்டுப் போட்டு இழைத்தாள். ஒன்பதாவது முழம் வந்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தாய் வழக்கமாக எடுக்கும் நாளுக்கு எவ்வளவோ முந்தி வேலை முடிந்துவிட்டது. ஓலையும் ஒரு கட்டு மிஞ்சியிருந்தது.

"பாத்தியோ அம்மா? நீ ஓலையை வீணாக்கினனீ."

பார்வதிப்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. மிஞ்சிய ஓலையை என்ன செய்வது? சுவாமிக்கு வார்ந்ததை வேறு வேலைக்கு எடுக்க மனம் வரவில்லை. ஆகவே மீனலோசனி விளிம்பை ஒருதரம் மடித்ததோடு விடாமல், மறுபடியும் மறுபடியும் மடித்து, நான்கு பக்கமும் விரல் தடிப்பில் ஒரு வரம்பு மாதிரிக் கட்டினாள். பாயைச் சுருட்டிப் புதுக் கயிற்றால் கட்டிச் சுவாமி அறையில் வைத்தாள்.

பாரணைக்கு முதல்நாளே மனோகரி நயினாதீவிலிருந்து வள்ளம் ஏறி வந்துவிட்டாள். வந்ததிலிருந்து ஊரெல்லாம் ஒரே கதை: "என்ரை தங்கச்சி முடிச்ச வேகம் தெரியுமோ? ஓலைகூட மிச்சம்!"

மறுநாள் காலையில் ஆறு கரை முட்டிப் போனது. பாலத்தின் மேலாலும் தண்ணீர் பாய்ந்தது. முதல்நாளே வந்து தங்கியிருந்த இராசேஸ்வரியையும் வைத்திலிங்கத்தையும் தவிர, அக்கரைச் சனம் கடக்க முடியாமல் மறுகரையில் குடையும் சாக்குமாக நின்றது.

ஐயர் தண்ணீர் தெளித்தார். மீனலோசனி கயிற்றை அவிழ்த்துப் பாயை உருட்டி விட்டாள். வழக்கமாக அது இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரை போகும். இன்று தூணுக்கு எட்டாமலே நின்றுவிட்டது. இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் காணாது. அகலத்திலும் அதே கதை.

மண்டபத்தில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பிறகு இராசேஸ்வரியின் குரல் கேட்டது.

"என்னடி பிள்ளை, பாய் மழையிலை நனைஞ்சு சுருங்கிப் போச்சோ?"

சனம் சிரித்தது. மீனலோசனி தன் கையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற தாயின் கட்டுப் போட்ட நெடிய கையைப் பார்த்தாள். மிஞ்சிய ஓலையின் கணக்கு அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அம்மாவின் முழம் வேறு, அவளுடைய முழம் வேறு. உயரமான பெண்களே இழைத்து வந்த வீட்டில் அதை நினைக்க ஒருவருக்கும் தேவை வந்ததில்லை.

"ஒன்பது முழம் சரியா இழைச்சனான்" என்றாள் மெதுவாக.

"ஓம், ஓம். ஆரின்ரை முழம்?" என்றாள் இராசேஸ்வரி.

சோறு பொங்கியவர் கதிர்காமு. சோறு நிறைந்த முதல் ஓலைக் கடகத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். "இப்ப நான் என்ன செய்யிறது? இதிலை பரவினால் அரைவாசி நிலத்திலைதான் போகும்."

"பரவாதேங்கோ அண்ணை" என்றாள் மீனலோசனி. அவளுடைய குரல் இப்போது மெதுவாக இல்லை. "நடுவிலை கொட்டுங்கோ. அதுக்கு மேலை மற்றதைக் கொட்டுங்கோ. பச்சையரிசிச் சோறு, சூட்டோடை ஒட்டும். ஆறினால்தான் உதிரும். கெதியாக் கொட்டி, கையை நனைச்சுத் தட்டுங்கோ."

"சுட்டுப்போடும், பிள்ளை!"

"பிள்ளையாரை நினைச்சுக்கொண்டு தட்டுங்கோ. சுடாது."

கதிர்காமு பிள்ளையாரை நினைத்தாரோ, வேறு யாரை நினைத்தாரோ, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு தட்டினார். கடகத்தின் மேல் கடகம் விழுந்தது. சோறு முழங்கால் உயரம் வந்தது, இடுப்பு உயரம் வந்தது, கதிர்காமுவின் நெற்றி வரை வந்தது. கடைசிக் கடகத்துக்கு அவர் பலகையில் ஏறி நின்றார். கொட்டிய வேகத்தில் உச்சியிலிருந்து ஒரு பெரிய கட்டி பெயர்ந்து உருளத் தொடங்கியது. பார்வதிப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள். கட்டி சரிந்து, உருண்டு, விளிம்பு வரை வந்து, மீனலோசனி மிஞ்சிய ஓலையால் மடித்த வரம்பில் முட்டி நின்றது.

அந்த நேரம் பார்த்து மறுகரையிலிருந்து "அரோகரா!" என்று ஒரு பெரும் சத்தம். மண்டபத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கமாகப் பரவிக் கிடக்கும் சோறு முன்வரிசையில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். இன்று எல்லாத் தலைகளுக்கும் மேலால், ஆவி பறக்க, வெள்ளை மலையாக எழுந்து நின்றது. ஆற்றைக் கடக்க முடியாத சனம் அங்கிருந்தே கும்பிட்டது.

"இந்தமுறை சோறு எவ்வளவு கூட!" என்று யாரோ சொன்னார்.

"அதே அரிசிதான்" என்றார் கதிர்காமு, சிவந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டு. ஒருவரும் அவரை நம்பவில்லை.

பூசை முடிந்ததும் இராசேஸ்வரி குந்தி இருந்து பாயைச் சுற்றிவரப் பார்த்தாள். தூணடியில் பார்த்தாள். ஒரு தரம் சேலைத் தலைப்பால் தரையைத் தடவியும் பார்த்தாள். பருக்கை ஒன்றுமில்லை. எழும்பும்போது அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. மீனலோசனிதான் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"உரிமை இக்கரையிலைதான்" என்றார் விநாயகமூர்த்தி. "ஆனால் ஒண்டு. இனிமேல் பாய் இந்த அளவிலைதான் வரவேணும். ஊருக்கு மலை பாத்துப் பழகிப்போச்சு."

அப்படித்தான் நடந்தது. பார்வதிப்பிள்ளையின் கை சுகப்பட்ட பிறகும் பாயை மீனலோசனியே இழைத்தாள். சில வருடங்கள் கழித்து அவளுக்குக் கலியாணம் நடந்து, ஒரு புரட்டாதியில் பிள்ளைத்தாச்சியாக இருந்தாள். மார்கழியில் பிள்ளைப்பேறு என்பதால் கோயில் வேலை செய்ய முடியாது. பாயை அக்கரைக்குக் கொடுக்கும்படி அவளே மனேச்சரிடம் சொல்லிவிட்டாள்.

சொல்லிய கிழமையே இராசேஸ்வரி வந்து படலையைத் திறந்தாள். காய்ந்து கிடந்த ஆற்றுக்குள்ளால் நடந்து வந்ததால் காலெல்லாம் புழுதி. தன் நீண்ட கையை, முழங்கையோடு முழங்கை முட்ட, மீனலோசனியின் கையோடு சேர்த்து வைத்து, அவளுடைய விரல்நுனி தன் கையில் எவ்விடத்தில் முடிகிறது என்று கவனமாகப் பார்த்து, அந்த இடத்தில் மஞ்சளால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள்.

"வேர்வைக்கு அழிஞ்சால் திருப்பி வருவன். கையை எங்கையும் கொண்டு போயிடாதை."

"கை தாறன் மாமி. ஆனால் இனிக் கட்டைக் கை எண்டு சொல்லப்படாது."

"ஆர் சொன்னது?" என்றாள் இராசேஸ்வரி. "எனக்கு ஒரு தேத்தண்ணி போடு."