அரக்கு நிற மஸ்டாங்கின் இடது பக்க சீட்

இந்தக் கதையில் ராத்திரி கிடையாது. புளியமரம் கிடையாது, நாய் ஊளையிடுவதும் கிடையாது. எல்லாம் நடந்தது பட்டப்பகலில், கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில். பேய் இருட்டினால்தான் வரும் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், நான் தப்பாக நினைக்கமாட்டேன். இது நடந்தது பஞ்சாட்சரத்துக்கு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பன்னிரண்டு தறி வைத்து நடத்துகிறவர். சேலை விலையை வேண்டுமானால் கொஞ்சம் கூட்டிச் சொல்வார். இதில் ஒரு நிமிடத்தைக்கூட அவர் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவரிடம் ஒரு மஸ்டாங் இருந்தது. ஆமாம், முன்னால் குதிரை ஓடுகிற அதே அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார். பிள்ளையார்பாளையத்துத் தெருவில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தாலே ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். அங்கே போய் மஸ்டாங். தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பஞ்சாட்சரம் கண்டுகொள்ளவில்லை. பதினாறு வயதில் பழைய பேப்பர் கடையில் கிடைத்த இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து அந்தக் காரின் படத்தைக் கிழித்துத் தறிக்காலில் ஒட்டியவர் அவர். நாற்பது வருடம் கழித்து, 2018-ல், அதைப் புத்தம் புதிதாக வாங்கினார்.

வாங்கப் போன நாளைக் கேட்டால் இன்றைக்கும் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். சென்னை ஷோரூமில் ஒரு பையன் வாய் ஓயாமல் 'ரூபி ரெட், ரூபி ரெட்' என்று சொல்லிக்கொண்டிருந்தான். மனைவி துர்காதேவி கைப்பையைத் திறந்து ஒரு கொத்துப் பட்டு நூலை எடுத்து பானட்டின் மேல் வைத்தாள். இரண்டும் ஒரே நிறம்.

"இது அரக்குபா. எங்க வூட்ல இதுக்கு அரக்குன்னுதான் பேரு," என்றாள். அந்தப் பையன் அதோடு வாயை மூடிக்கொண்டான்.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கச்சபேஸ்வரர் கோயில் வாசலில் கற்பூரம் காட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். புது வண்டியின் அந்த வாசனை போய்விடக் கூடாதென்று துர்காதேவி சீட்டின் பிளாஸ்டிக் உறையை ஒரு வருடம் கழற்றவே விடவில்லை. உட்கார்ந்து எழுந்தால் சேலை வழுக்கும். அவள் குள்ளம். இடது பக்க சீட்டை முன்னால் முழுக்கத் தள்ளிப்போட்டுத்தான் உட்காருவாள். கதவைச் சாத்தினால் தெருமுனை வரை கேட்கும். "அது கதவும்மா, உரல் இல்ல," என்று அவர் சொல்லாத நாளில்லை.

நெசவாளிக்கு அமாவாசைதான் லீவு. அன்றைக்குத் தறி ஓடாது. ஆகவே மாதாமாதம் அமாவாசை அன்று மத்தியானம் படையல் போட்டுச் சாப்பிட்டுவிட்டு இருவரும் மஸ்டாங்கில் கிளம்புவார்கள். திருமுக்கூடல் வரை போய் ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். வண்டியோ தரையை ஒட்டிக் கிடப்பது. பெரிய வேகத்தடை வந்தால் அடி உரசும். அதனால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் துர்காதேவி இறங்கி, குனிந்து பார்த்து, "போ... போ... மெதுவா போ," என்று கை காட்டிவிட்டு மறுபடி ஏறுவாள். வேகத்தடைகளைச் சபித்துக்கொண்டே போன அந்த ஆறு வருடத்தைப் போல அவர் வேறெப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை.

பிறகு ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்றாள். நாற்பது நிமிடத்தில் போய்விட்டாள்.

பதினாலு மாதம் வண்டி கொட்டகையிலேயே நின்றது. ஒரே ஒரு முறை அக்கா மகன் பாலாஜி, நண்பன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வேண்டுமென்று கெஞ்சி வாங்கிப்போனான். கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். மகள் கீர்த்தி பிரசவத்துக்கு வந்திருந்தாள், எட்டாம் மாதம். "வித்துடுபா. அத்தப் பாக்கும்போதெல்லாம் நீ ஒடைஞ்சி போற," என்றாள். அவள் சொன்னது நிஜம். ஸ்ரீபெரும்புதூரில் சிவராஜ் என்று ஒருவர் கேட்டார். அவருக்குத் தோதான நாளாகப் போன வைகாசி அமாவாசை அமைந்தது. மணி ஒன்றுக்கு வண்டியைக் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு.

இங்கேதான் பஞ்சாட்சரம் ஒரு தப்புச் செய்தார். அமாவாசை, லீவு நாள்தானே என்று ஒப்புக்கொண்டுவிட்டார். அன்றைக்கு உச்சிப் பொழுதில் செத்தவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள் என்பது அந்த வீட்டு நம்பிக்கை.

"படையல் போட்டுட்டுப் போபா," என்றாள் கீர்த்தி. அப்போது மணி 11.52.

"வந்து போட்டுக்கலாம்மா. ஆள் காத்துக்கினு இருப்பாரு."

"அம்மா வாசல்ல நிக்கும்பா."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

12.04. தெருவில் ஒரு சத்தம் இல்லை. தறிகள் நின்றுவிட்டால் பிள்ளையார்பாளையம் காது அடைத்த மாதிரி இருக்கும். வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் உறுமிவிட்டு அடங்கியது. பிறகு...

டிங்... டிங்... டிங்...

சீட் பெல்ட் மணி. அவர் பெல்ட் போட்டிருந்தார். எதிரே ஒரு சிவப்பு விளக்கு மினுங்கியது. இடது பக்க சீட்டில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், பெல்ட் போடவில்லை என்று அர்த்தம்.

திரும்பிப் பார்த்தார். காலி சீட்.

சீட்டில் பை ஏதாவது இருந்தாலும் அந்த மணி அடிக்கும். கையை வைத்துத் தடவினார். ஒன்றும் இல்லை. அப்போதுதான் கவனித்தார். சீட் பின்னால் முழுக்கத் தள்ளியிருந்தது. பாலாஜியின் கூட்டாளி எவனாவது காலை நீட்டி உட்கார்ந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார். ரொம்ப நாள் ஓடாத வண்டி, ஒயரில் ஏதோ கோளாறு. தனக்குத்தானே அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

12.16. பொன்னேரிக்கரை. மணி நிற்கவில்லை. ஏசி ஓடியும் சட்டை முதுகில் ஒட்டியது. முன்னால் ஒரு பெரிய வேகத்தடை. பழக்கதோஷத்தில் வண்டியை நிறுத்தி இடது பக்கம் பார்த்தார். யாரும் இறங்கவில்லை. மெதுவாக ஏற்றினார். வண்டியின் அடி கரகரவென்று தேய்ந்தது. ஒரே ஒரு ஆள் இருக்கிற வண்டி இவ்வளவு தணியக் கூடாது.

12.27. ராஜகுளம் தாண்டி ஹைவே. வெயிலில் தார் பளபளத்தது. இடது பக்கக் கண்ணாடியில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. அழுக்கு என்று நினைத்தார்.

அழுக்கு இல்லை. ஆவி படிந்திருந்தது. உள்பக்கம்.

உள்ளங்கை அளவு வட்டம். சுருங்கியது. பெரிதானது. மறுபடி சுருங்கியது.

யாரோ கண்ணாடியில் முகத்தை வைத்து மூச்சு விடுகிறார்கள்.

டிங்... டிங்... டிங்...

பஞ்சாட்சரம் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். பயத்தில்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. பதினாலு மாதமாக ஒரு கனவில்கூட வராதவள். இன்றைக்கு அமாவாசை. படையல் போடாமல் வந்துவிட்டோம். வேறு யார் வருவார்கள்?

"துர்கா?" என்றார்.

மணி நின்றது.

அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஓரமாக வண்டியை நிறுத்தி சிவராஜுக்கு போன் போட்டார். மணி 12.34.

"வண்டி விக்கலபா. மன்னிச்சுக்க."

"இன்னா சார், இப்ப சொல்றீங்க..."

அவர் போனை வைத்துவிட்டார். வண்டியைத் திருப்ப இன்னும் முன்னால் போக வேண்டியிருந்தது. கிளம்பியதும் மணி மறுபடி அடித்தது. யூ டர்ன் போட்டுக் காஞ்சிபுரம் பக்கம் திரும்பினார். அந்த நொடியே நின்றது.

"வூட்டுக்குத்தான் போறோம். வூட்டுக்குத்தான்," என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

வழியில் ஒரு சத்தம்.

கிளிங்...

வளையல். கண்ணாடி வளையல்.

துர்காதேவி கண்ணாடி வளையல் போடமாட்டாள். கல்யாணத்துக்குப் போட்ட இரண்டு தங்க வளையல்தான் கடைசி வரை. அவர் கால் பிரேக்கின் மேல் போனது. பிறகு நினைவுக்கு வந்தது. போன மாதம்தான் கீர்த்திக்கு வளைகாப்பு. மகளின் வளைகாப்புக்கு அம்மா வராமல் இருப்பாளா? வந்து அவளும் போட்டுக்கொண்டிருப்பாள். அப்படி நினைத்ததும் மனசு இளகிப்போனது.

1.02. வீடு. சுற்றிவந்து இடது பக்கக் கதவைத் தானே திறந்துவிட்டார். உள்ளிருந்து குளிர்ந்த காற்று அவர் வயிற்றில் பட்டது.

"எறங்கு துர்கா. உன் பொண்ணு உள்ளதான் இருக்குது. வூட்டுக்குள்ள வா."

சீட் மெல்ல மேலே எழும்பியது.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சத்தமே இல்லாமல்.

அவர் முன்னால் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுக்களையிலிருந்து கீர்த்தி எட்டிப் பார்த்தாள்.

"யாருபா உன்கூட?"

"ஏம்மா?"

"ரெண்டு பேர் நடக்கற மாரி கேட்டுது. ஒருத்தர் கால இழுத்துக்கினு..."

"உங்கம்மாதான்," என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

கீர்த்தி சிரிக்கவில்லை. அவர் பின்னால் ஏதோ ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டு, வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

மாலை 4.40-க்கு பாலாஜி வந்தான். விற்பனை நின்றுபோனதைக் கேள்விப்பட்டு வந்திருந்தான். பஞ்சாட்சரம் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்தது.

"கண்ணாடி வளையலா மாமா?"

"ஆமாடா. உங்க அத்தைதான்..."

"அத்தை இல்ல மாமா."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். இருபது நாளுக்கு முன்னால் கல்யாணத்திலிருந்து திரும்பும்போது, வாலாஜாபாத் ரோட்டில் ஐயம்பேட்டை தாண்டி, ரோட்டோரம் ஒரு பெண் கிடந்தாளாம். எந்த வண்டியோ அடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. முப்பது வயது இருக்கும், கை நிறையக் கண்ணாடி வளையல். ஒரு கால் நசுங்கியிருந்தது. தூக்கி இடது பக்க சீட்டில் வைத்தான், காலை நீட்ட இடம் வேண்டுமென்று சீட்டைப் பின்னால் தள்ளினான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் சீட்டிலேயே உயிர் போய்விட்டது. அத்தையின் சீட்டாயிற்றே, அதில் இப்படி நடந்ததை மாமாவிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டான்.

"யாருடா அந்தப் பொண்ணு?"

"தெரில மாமா. போலீசுல கேட்டேன். இன்னி வரிக்கும் யாரும் தேடிக்கினு வரல. பேரே தெரில."

"எதுனா சொல்லிச்சா?"

பாலாஜி வீட்டின் உள்பக்கத்தைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒண்ணே ஒண்ணுதான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கினே வந்துச்சு மாமா. 'வூட்டுக்குக் கூட்டிக்கினு போண்ணா'ன்னு."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. கீர்த்தியின் கை என்று நினைக்க இருவரும் ரொம்ப முயன்றார்கள். கீர்த்தி அப்போது அவர்கள் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலமே அவளைத் தாம்பரத்துக்குப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பிரசவம் அங்கேதான் நடந்தது, ஆண் குழந்தை. பேரனைப் பார்க்க பஞ்சாட்சரம் போய்வருகிறார். அவர்களை இங்கே வரவிடுவதில்லை. வண்டியை அடுத்த வாரமே சிவராஜ் எடுத்துக்கொண்டார். ஒரு கோளாறும் இல்லாமல் ஓடுகிறதாம். ஐயரை வைத்து வீட்டில் சாந்தி செய்யப் பார்த்தார்கள். இறந்தவர் பெயர் என்ன என்று ஐயர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

வேலைக்கு வருகிறவர்கள் மத்தியானத்தில் உள் அறைப் பக்கம் போவதில்லை. பஞ்சாட்சரம் மட்டும் அந்த வீட்டில் இருக்கிறார். அமாவாசைக்கு அமாவாசை இரண்டு இலை போடுகிறார். ஒன்று துர்காதேவிக்கு. இன்னொன்று பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்கு. இரண்டு இலைக்குப் பக்கத்திலும் தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, கால் மணி நேரம் வெளியில் நிற்கிறார். பிறகு திறந்து பார்ப்பார்.

ஒரு தம்ளர் காலியாக இருக்கும்.

துர்காதேவியின் தம்ளரில் இதுவரை ஒரு சொட்டுகூடக் குறைந்ததில்லை.