பீடோங்கிலிருந்து யான் வரை, இரண்டு விரலில்

சனிக்கிழமை காலை பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினோம். நானும் என் கணவர் அருளப்பனும் மட்டும். சுங்கை பட்டாணி வரை முக்கால் மணி நேரம்கூட ஆகாத பயணம். ஆனாலும் இவர் முந்தின நாளே இரண்டு ஹெல்மெட்டையும் துடைத்துப் பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டார். ரயிலிலும் அந்தப் பையை மேலே வைக்கவில்லை, மடியிலேயே வைத்திருந்தார். எதிரே இருந்த மலாய் அம்மா பையைப் பார்த்து, உள்ளே இருப்பது தெம்பிக்காய், அதாவது தர்ப்பூசணிப் பழமா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவர் மட்டும் வெகு மரியாதையாக, பழம் இல்லை என்று மலாயில் விளக்கம் சொன்னார்.

நாங்கள் போவது பீடோங்குக்கு. அங்கே குணா என்பவருடைய மோட்டார் பட்டறையில் இவருடைய பழைய மோட்டார் சைக்கிள் மூன்று மாதமாக நிற்கிறது. இங்கிலாந்தில் செய்த 350 சிசி வண்டி, என்னைவிட இரண்டு வயது மூத்தது. இவர் வேலை பார்த்த தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி ஓய்வுபெற்றுப் போகும்போது விற்றது. அதில் வந்துதான் என்னைப் பெண் பார்த்தார். வண்டியைத்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் பார்த்தார்கள், மாப்பிள்ளையை யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவேன்.

ஐந்து வருடமாக அதை ஓட்டவில்லை. இடது கை விரல் மூட்டுகளில் வாதம் வந்துவிட்டது. பழைய வண்டியின் கிளட்ச் லேசுப்பட்டதல்ல. கைப்பிடியிலிருந்து கியர்பாக்ஸ் வரை ஓர் இரும்பு கேபிள், அதை விரல் பலத்தால் மட்டுமே இழுத்தாக வேண்டும். கடைசியாக ஓட்டிய நாளில் பீடோங் விளக்குச் சந்திப்பில் பிடி நழுவி, முன்னால் நின்ற காடியில் போய் இடித்துவிட்டார். யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றைக்கு இறங்கியவர்தான்.

பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அது வரப்போவது முன்பே தெரியும். இவர் கிளட்ச் பிடிக்கும்போதெல்லாம் இடது தோள் இறுகும். அந்தத் தோளில்தான் என் கை இருக்கும். தோள் இறுகினால் கியர் மாறப் போகிறது என்று அர்த்தம், நானும் உடம்பை முன்னால் கொடுத்துக்கொள்வேன். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் பழக்கம். கடைசி இரண்டு வருடம் அந்தத் தோள் கல்லாக இறுகியது. நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இப்போது குணா அந்தக் கேபிளை எடுத்துவிட்டு ஹைட்ராலிக் கிளட்ச் போட்டிருக்கிறார். பிரேக்கில் இருப்பதுபோல, கைப்பிடியில் எண்ணெய் வைத்த ஒரு சின்னக் கிண்ணம், அதிலிருந்து ஒரு குழாய். லீவரைப் பிடித்தால் எண்ணெய் போய்க் கிளட்ச்சைத் தள்ளும், விரலுக்கு வேலை குறைவு. இதுவும் கைக்கு ஒத்துவராவிட்டால், அலோர்ஸ்டாரில் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு வண்டியைக் கொடுத்துவிடுவது என்று இவரே முடிவு கட்டியிருந்தார். நானும் சரி என்றேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தப் பின் இருக்கையில் இன்னும் ஒரு தடவையாவது யான் என்கிற அந்தக் கடலோர ஊருக்குப் போக வேண்டும்.

யானில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வயல் இருக்கிறது, கடல் இருக்கிறது, வானம் இருக்கிறது. ரப்பர் பால் எடுக்கும் கித்தா மரத்துக்கும் எண்ணெய்ச் செம்பனைக்கும் நடுவில் வளர்ந்தவள் நான். வானத்தை முழுசாக முதன்முதலில் பார்த்தது அங்கேதான், கல்யாணமான மறு ஞாயிறு, இவர் முதுகுக்குப் பின்னால் இருந்து. அதன் பிறகு மாதம் ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் அங்கே போவோம். இப்போது நாங்கள் இருப்பது பட்டர்வொர்த்தில், ஒன்பதாவது மாடி. மழை பெய்து வெளுத்த காலைகளில் மாடி நடைபாதையில் நின்றால் வடக்கே குனோங் ஜெராய் நீலமாகத் தெரியும். அந்த மலைக்கு அந்தப் பக்கம் யான். துணி காயப்போடும் சாக்கில் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஏக்கம்தான், அதற்கு வேறு பேர் வைப்பானேன்.

சனி, பத்து மணி. சுங்கை பட்டாணியிலிருந்து வாடகைக் காடி பிடித்து பீடோங் வந்து, பாசார் சந்தைக்கு எதிரே பசியாறினோம். ரொட்டி சானாய் எனக்கு இரண்டு, இவருக்கு ஒன்று. பதற்றம் வந்தால் இவருக்குச் சாப்பாடு இறங்காது.

குணா ஐம்பது வயதுக்காரர், பேச்சில் யாரையும் முந்த விடமாட்டார். "வாங்கண்ணே, வாங்கக்கா! மாப்பிள்ள ரெடிலா. காத்து எடுக்குற வேலதான் பாக்கி," என்றார். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் கிளட்ச் வேலை செய்யாதாம். ஒருவர் லீவரைப் பிடிக்க, இன்னொருவர் கீழே திருகைத் திறந்து குமிழியை வெளியே விட வேண்டும். பட்டறை ஆள் பொருள் வாங்கப் போயிருந்தார். இவர் கையை வருத்த குணாவுக்கு மனமில்லை. ஆக, அந்த வேலை என் தலையில் விழுந்தது.

"புடிங்கக்கா. அப்படியே வச்சிருங்க. இப்ப விடுங்க."

பிடித்தேன், விட்டேன், பிடித்தேன். முதலில் லீவர் வெறும் காற்றில் ஆடியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் வந்தது. கடைசியில், தொட்ட மாத்திரத்திலேயே எண்ணெய் கைக்குள் நிற்பது தெரிந்தது. குணா கையைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளோதான். கேபிள் மாதிரி இதுக்கு அட்ஜஸ்மென் ஒண்ணும் வேணாண்ணே. அப்படியே ஓட்டுங்க," என்றார். இவர் தலையாட்டினார். நாற்பது வருடமாக என்னிடம் ஆட்டுகிற அதே தலையாட்டல்தான். எதற்கு ஆட்டுகிறார், எதற்கு ஆட்டவில்லை என்று எனக்கே தெரியாது.

குணா சக்கரத்தடியில் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தார். "சர்ச்சுல நீங்க என்னா வேணா செஞ்சிக்கிங்கண்ணே. என் கடயிலேர்ந்து பழம் மிதிக்காம எந்த மோட்டரும் வெளிய போனதில்ல." இவர் வண்டியைத் தள்ளிப் பழத்தை நசுக்கினார். அன்று ஓட்டவில்லை. பீடோங்கிலேயே இருக்கும் கொழுந்தன் வீடு வரை இருவரும் தள்ளிக்கொண்டே போனோம். முதலில் சர்ச் சாமியார் தண்ணீர் தெளிக்கட்டும் என்றார். பயம்தான் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை. பூசை முடிந்து சாமியார் வண்டிமேல் தீர்த்தம் தெளித்தார். நான் சீலைக்குப் பதிலாக சுடிதார் போட்டிருந்தேன், வயதுக்கு மரியாதையாக. முகம் கழுவி வெளியே வந்தபோது இவர் வண்டியருகே குனிந்து நிற்பதைப் பார்த்தேன். கையில் இருபது காசு. அதுவும் எனக்குப் பழகிய காட்சி. கிளட்ச் லீவருக்கும் அதன் தாங்கிக்கும் நடுவில் ஒரு காசு நுழைகிற அளவு ஆட்டம் இருக்க வேண்டும் என்பது பழைய மோட்டார்க்காரர்களின் கணக்கு. இவர் எந்தப் பயணத்துக்கு முன்னாலும் காசு வைத்துப் பார்க்காமல் ஏறியதில்லை. நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினேன்.

யான் அங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். கிளம்பும்போதே வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. வயசான வண்டி, பிறகு அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன். சாலையின் இருபுறமும் செம்பனை. பழைய சத்தம், பழைய பெட்ரோல் வாசனை. எனக்குக் கண் கலங்கியது. ஹெல்மெட் கண்ணாடிக்குள் துடைக்கவும் வழியில்லை.

செமிலிங் சந்திப்பில் சிவப்பு விளக்கு. இவர் கிளட்ச்சைப் பிடித்தார். வண்டி நிற்கவில்லை, முன்னால் ஊர்ந்தது. பிரேக்கை மிதித்தார், எஞ்சின் அணைந்துபோனது. உதைத்துக் கிளப்பினார், மறுபடி அணைந்தது. பின்னால் லோரிக்காரர் ஹாரனில் கையை வைத்துவிட்டார். இறங்கி, இருவரும் தள்ளி, ஓரத்தில் இளநீர்க் கடை நிழலில் நிறுத்தினோம்.

இவர் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். இடது கையை விரித்துப் பார்த்தார். "கை போச்சு, பிலோ," என்றார். "முழுசா இழுத்தேன்னுதான் நெனச்சேன். இழுக்கல போல. அலோர்ஸ்டார்காரருக்குப் போன் போட்டுடலாம்."

மலை இங்கிருந்து பச்சையாக, மரம் மரமாகத் தெரிகிற தூரத்தில் நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போனால் யான். இத்தனை கிட்ட வந்து திரும்புவதா? கோபத்தில் நானே போய் அந்த லீவரைப் பிடித்தேன். அது பாதி தூரம் வெறுமையாகப் போனது. கனம் அதற்குப் பிறகுதான் வந்தது. நேற்று அப்படி இல்லையே. நேற்று தொட்டதும் எண்ணெய் கைக்குள் நின்றதே.

"என்னாங்க, காலைல காசு வச்சீங்களே, வச்சிட்டு எதயாவது திருகினீங்களா?"

இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆட்டமே இல்லாம இருந்துச்சு. அப்படியே ஓட்டுனா பிளேட்டு கருகிடும்லா. காசு நொழையிற அளவுக்குக் கொஞ்சம் திருப்பி விட்டேன்."

குணாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்த சிரிப்பு இளநீர்க் கடைக்காரருக்கே கேட்டிருக்கும். "ஐயோ அண்ணே! கேபிளுக்குத்தான் காசு. இதுல அவ்வளோ ஆட்டம் விட்டா எண்ணெ பாதிதான் போவும், கிளட்ச்சு விடவே விடாது. திருப்புன அளவு திரும்பத் திருப்புங்க, போதும்."

அதே இருபது காசின் விளிம்பால், லீவரில் இருந்த சின்னத் திருகைப் பழைய இடத்துக்கு இவரே கொண்டுவந்தார். நான் பிடித்துப் பார்த்தேன். தொட்டதும் கனம். "இப்ப நீங்க," என்றேன். இவர் இரண்டு விரலை மட்டும் லீவரில் போட்டார், ஆள்காட்டி விரலும் நடு விரலும். லீவர் சத்தமில்லாமல் உள்ளே வந்தது. விட்டார், மறுபடி பிடித்தார். அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கை இருக்கு, பிலோ," என்றார்.

"கையி இருக்கு, புத்திதான் இல்ல. ஏறுங்க."

மெர்போக் தாண்டியதும் வலது பக்கம் மலை, இடது பக்கம் எங்கேயோ கடல். தஞ்சோங் ஜாகா கடந்து மரங்கள் விலகி, வயல் திறந்துகொண்டது. நாற்று முழங்கால் உயரம். வானம் அன்றைக்குப் பார்த்த அதே அளவில் இருந்தது, ஒரு சாண்கூடக் குறையவில்லை. சந்தோஷத்தில் ஏதோ ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் என் ஹெல்மெட் இவருடைய ஹெல்மெட்டில் டொக்கென்று இடித்தது. கொஞ்சத் தூரத்தில் இன்னொரு தடவை. யான் கிச்சில் என்ற சிற்றூரின் கடைத்தெருவில் மூன்றாவது தடவை.

"என்னா, தூங்குறியா?" என்று கத்தினார்.

தூங்கவில்லை. இவருடைய இடது தோள் இறுகவே இல்லை. கியர் மாறுகிறது என்று எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கையின் கீழே தோள் சும்மா, லேசாக, வலியில்லாதவர் தோளாக இருந்தது. அதற்குத்தானே இத்தனை பாடு. இருந்தாலும் ஒரு பேச்சு நின்றுபோன மாதிரி இருந்தது எனக்கு. அந்த இறுகலில் இவருடைய வலி இருந்தது, இனி அது வேண்டாம். ஆனாலும் அது தேடியது என் கைக்கு.

யானில் கடலோரக் கடையில் சுட்ட மீன் சாப்பிட்டோம். மீன் இரண்டும் சோறும் இருபத்திரண்டு ரிங்கிட். முந்தின நாள் காலையில் ஒரு ரொட்டியோடு எழுந்தவர் என் தட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டார். திரும்பி வரும்போது எஞ்சின் சத்தம் குறைவதைக் கேட்டுச் சாயக் கற்றுக்கொண்டேன். இரண்டு தடவைதான் இடித்தேன்.

திங்கள் காலை. ஒன்பதாவது மாடியில் மோட்டார் நிறுத்த இடம் ஏது? வண்டி கொழுந்தன் வீட்டுக் கொட்டகையிலேயே இருக்கட்டும், மாதம் ஒரு ஞாயிறு வரலாம் என்று பேசிக்கொண்டோம். அலோர்ஸ்டார்காரருக்கு இவரே போன் செய்து மன்னிப்புக் கேட்டார். இந்தத் தடவை ஹெல்மெட் பை இல்லாமல் ரயில் ஏறினோம். ஹெல்மெட் இரண்டும் வண்டிமேலேயே இருக்கின்றன.

சுங்கை பட்டாணி தாண்டியதும் இவர் தூங்கிப்போனார். இடது கை என் கைக்குள் இருந்தது. ஜன்னலில் ஜெராய் பின்னால் போய்க்கொண்டே, பச்சை போய் மறுபடி நீலமானது. தாசேக் குளுகோர் நிலையம் வரும்போது ரயில் வேகம் குறைந்தது. தூக்கத்திலேயே இவருடைய இரண்டு விரல்கள் என் உள்ளங்கையை மெல்ல இழுத்துப் பிடித்தன. நான் உடம்பை முன்னால் கொடுத்துக்கொண்டேன்.