சின்னத்தாய் இருந்த ஒருபொழுது

சின்னக்கானலுக்கு மேலே இருந்த தேயிலை எஸ்டேட்டில் நல்லதம்பியைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள். மனுஷன் வெளியில் கை நனைக்க மாட்டார். கல்யாண வீடானாலும் சரி, யூனியன் கூட்டமானாலும் சரி, தூக்குவாளியில் வீட்டுக் களியோடு வந்து நிற்பார். உடம்பின் மேல் எவ்வளவு அக்கறை பார் என்று மெச்சிக்கொள்வார்கள். மெச்சுகிறவர்களுக்கு என்ன தெரியும்! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு வாக்கில் அந்த மலையிலேயே நாக்கு ருசிக்கு அலைந்த ஆள் இந்த நல்லதம்பிதான்.

ரேஷனில் அரிசியை அளந்து கொடுத்த காலம் அது. அளந்ததில் பாதி கல். நல்லதம்பிக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை, மனைவி சின்னத்தாய்க்குக் கொழுந்து பறிக்கும் வேலை, இரண்டு பெண் பிள்ளைகள். அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் சின்னத்தாய் கையகல நிலத்தைக் கொத்தி பீன்ஸ் போட்டாள். வேலியில் சௌசௌக் கொடி ஏற்றினாள். கோழி வளர்த்தாள். போடிச் சந்தையிலிருந்து கேழ்வரகும் கொள்ளும் வரவழைத்தாள். வேலை விட்டு வரும்போது மடியில் மணத்தக்காளிக் கீரை இல்லாமல் வரமாட்டாள். காலையில் கூழ், இரவில் களியும் கீரைக் கடைசலும், குளிர் கூடினால் கொள்ளு ரசம். பிள்ளைகள் சளி, காய்ச்சல் என்று படுத்ததே இல்லை. அந்தச் சம்பளத்தில் அப்படியொரு வீட்டை நடத்த இன்னொருத்தி பிறந்துதான் வரவேண்டும்.

நல்லதம்பிக்குத்தான் களி தொண்டையில் இறங்காது. ஜங்ஷனில் மிக்கேல் கடை இருந்தது. பொறோட்டாவும் கோழிச் சால்னாவும் மணக்கும். ஷிஃப்ட் முடிந்தால் கால் தானாக அங்கே திரும்பும். ஓவர்டைம் காசு வீட்டு வாசலைப் பார்க்காமலே அந்தக் கடையில் கரைந்தது. வயிறு முட்டத் தின்றுவிட்டு வீட்டில் தட்டு முன்னால் உட்கார முடியுமா? முதல் நாள் வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னார்.

"வயிறு என்னமோ மந்தமா இருக்கு பிள்ள. ஒரு வாய் போதும்."

மறுநாளும் அதே மந்தம். அதற்கடுத்த வாரம் அதற்கு எரிச்சல் என்று பெயர். சின்னத்தாய் ஓமத்தண்ணி வைத்தாள், சுக்குக் கஷாயம் வைத்தாள், பிள்ளைகளுக்கு வைத்திருந்த முட்டையை அவித்து அவர் தட்டில் வைத்தாள். முட்டையை மட்டும் தின்றார்.

பிறகு அவள் அவர் வயிற்றைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். விட்டது தொல்லை என்று நினைத்தார், பாவி மனுஷன். அவள் எப்போதும் எல்லோருக்கும் பிறகு சாப்பிடுகிறவள். என்ன சாப்பிட்டாள், சாப்பிட்டாளா என்று அவர் திரும்பிப் பார்த்ததில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வருவது மட்டும் கண்ணில் பட்டது. கேட்டால் தன் வயிற்றுப் பேச்சு வந்துவிடும் என்று வாயைத் திறக்கவில்லை. உறுத்தத்தான் செய்தது. இனி இந்தப் பக்கம் வருவதில்லை என்று தினமும் மிக்கேல் கடையில் கை கழுவும்போது முடிவெடுப்பார். கை காய்வதற்குள் அது மறந்துவிடும்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம். நல்லதம்பி கடையில் உட்கார்ந்து பொறோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மதலேனம்மாள், சின்னத்தாயோடு கொழுந்து பறிக்கிறவள், நனைந்துகொண்டே ஓடி வந்தாள்.

"அண்ணே, உங்கள எங்கெல்லாம் தேடுறது? மதினி கொழுந்துக் காட்டுல மயங்கி விழுந்துட்டாக. டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கு..."

பேச்சு பாதியில் நின்றது. அவள் தட்டைப் பார்த்தாள், சால்னாவில் ஊறிய விரல்களைப் பார்த்தாள்.

"உங்களுக்கு வயித்துல புண்ணுன்னுல்ல மதினி சொன்னாக? நீங்க வயிறாரச் சாப்பிடுற வரைக்கும் ஒருபொழுது இருக்கேன்னு சுருளி வேலப்பருக்கு வேண்டிக்கிட்டாக. ஒரு வேளைதான், அதுவும் உப்பில்லாத கஞ்சி. ரெண்டு மாசமாச்சு."

நல்லதம்பி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"கையச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்கண்ணே," என்றாள் மதலேனம்மாள். "மதினிக்கு வாடை தெரிஞ்சிரும்." அவரைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

டிஸ்பென்சரியில் உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். கட்டிலில் கிடந்த சின்னத்தாய் அவரைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்.

"ஏதாச்சும் சாப்பிட்டீகளா?"

சாயந்தரம் வீட்டுக்குக் கூட்டி வந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு. ஆனால் முதலில் அவள் ஒருபொழுது முடியவேண்டும். தட்டைப் போட்டு உட்கார்ந்து, "பசிக்குது பிள்ள, களி வை," என்றார். மத்தியானப் பொறோட்டா இன்னும் செரிக்கவில்லை. அதன் மேல் ஒரு உருண்டை, இன்னொன்று, மறுபடியும் ஒன்று. மூச்சு முட்டியது. கீரைச் சட்டியை வழித்துத் தின்றார்.

சின்னத்தாய் அழுதாள். "வேலப்பரு கண்ணத் தொறந்துட்டாரு." பிறகு தன் கஞ்சியில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, சிறுபிள்ளை மாதிரிச் சப்புக்கொட்டிக் குடித்தாள்.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் பட்டினி கிடந்ததெல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விடும். நல்லதம்பி தன் பாவத்தைக் களியோடு சேர்த்து விழுங்கினார். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, "முடி தர்றேன்னு வேண்டியிருக்கேன். தையில போகணும்," என்றாள்.

சுருளியில் அருவிக் கரையில் தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். இடுப்பு வரை தொங்கிய முடி, கற்றை கற்றையாக விழுந்தது. ஒரு பொறோட்டாவுக்கு ஒரு கற்றை என்று கணக்குப் போட்டாலும் தீராது என்று நல்லதம்பிக்குத் தோன்றியது. அவளை எழுப்பிவிட்டு அதே பலகையில் தானும் உட்கார்ந்தார்.

"உங்களுக்குத்தான் வேண்டுதல் இல்லையே?" என்றாள்.

"இருக்கு."

திரும்பி வரும்போது போடி பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. இரண்டு மொட்டைத் தலைகளும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. எதிர்க் கடையில் கல்லில் பொறோட்டா தட்டுகிற சத்தம் கேட்டது. சின்னத்தாய் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"இனி உங்க வயித்துக்கு ஒண்ணும் செய்யாதுல்ல?" என்றாள் வெட்கப்பட்டுக்கொண்டு. "ஒண்ணு வாங்கி ஆளுக்குப் பாதி தின்னு பாப்பமா? நானும் தின்னதில்ல, நீங்களும் தின்னதில்ல."

வாங்கி வந்தார். முதல் துண்டைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்து அவருக்குத்தான் கொடுத்தாள். நல்லதம்பி வாயில் வைத்தார். மென்றுகொண்டே இருந்தார்.

"ரொம்பக் காரமா?" என்றாள் சின்னத்தாய். "கண்ணுல தண்ணி வருதே." தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.