கரியாலூர் பஸ்ஸில் ஏறிப்போன சாமான்கள்

எங்கள் வீட்டில் எதையும் சுலபமாகத் தூக்கிப் போட்டுவிட முடியாது. ஆண்டாள் அக்கா விடமாட்டாள். மூடி இல்லாத தூக்கு, தூக்கு இல்லாத மூடி, ஓட்டை விழுந்த முறம், காது உடைந்த அண்டா என்று அவளிடம் இல்லாதது கிடையாது. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பாள். வீடு முழுக்கத் துரும்பாக இருக்கிறது, குத்துவதற்குப் பல்தான் பத்தவில்லை என்று நான் சொல்வேன். அதற்குச் சிரிப்பாளே தவிர, கையிலிருக்கிற கயிற்றுத் துண்டைக் கீழே போடமாட்டாள்.

ஆண்டாள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் சின்னராசுவின் சம்சாரம். அவரை நான் மாமா என்பேன், அவளை அக்கா என்பேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற தார்ரோட்டின் மேலேயே எங்கள் இரண்டு வீடும் ஒட்டினாற்போல இருந்தன. கிணறு பொது, களம் பொது, சண்டையும் பொது. கல்வராயன் மலைக்குப் போகிற பஸ் எங்கள் வாசலை உரசிக்கொண்டுதான் போகும்.

அக்கா பள்ளிக்கூடம் பார்த்தவள் இல்லை. சின்ன வயசிலேயே வாக்கப்பட்டு வந்து, நடவு, களையெடுப்பு, கரும்பு, மாடு என்று அந்த ரோட்டோரத்திலேயே காலத்தை ஓட்டியவள். பசி என்று வந்து நின்ற ஆளை வெறும் வயிற்றோடு அனுப்பத் தெரியாது. வீட்டுக்குள் வந்துவிட்ட பொருளை வெளியே அனுப்பவும் தெரியாது. இரண்டும் ஒரே குணம்தான் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

தொண்ணூற்றொன்றாம் வருஷப் பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் மாமா வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மகள் கமலாவைத் திருநாவலூரில் கட்டிக் கொடுத்திருந்தது. வளைகாப்பு முடிந்து, பொங்கல் கழிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருகிறாள். அவள் படுக்க உள்ளறை வேண்டும். அந்த அறையிலோ கால் வைக்க இடமில்லை.

"வூடா இது, பழைய இரும்புக் கடையா? போகியோட மொத்தத்தயும் கொளுத்து" என்றார்.

அக்கா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. மகள் வரப்போகிற சந்தோஷத்தில் அவளே முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவன் வந்து ஒரு மூட்டை கட்டிக்கொண்டு போனான். கிழிந்த கோணியும் பாயும் போகித் தீக்கென்று களத்தில் சேர்ந்தன. கமலா சின்னப் பிள்ளையில் போட்ட பாவாடை ஒன்று கிடைத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, துடைக்கிற துணிக்கு என்று எடுத்து வைத்தாள். அண்டா, முறம், மூடி எல்லாம் போயின. அவள் கல்யாணத்துக்கு வந்த பெட்டியைத் திறந்தபோது வந்த வாசனையில் நாங்கள் இரண்டு பேருமே பழைய கதைகளில் இறங்கி, உலையில் அரிசி போட மறந்துவிட்டோம்.

கடைசியில் உள்ளறை மூலையில், ஒரு போர்வைக்கு அடியில் இருந்த சாமான்கள் மட்டும் மிஞ்சின. அதையும் களத்தில் போடச் சொல்லி மாமா அறைக்கு வெளியே நின்றபடியே குரல் கொடுத்தபோதுதான் அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"கொளுத்தறதுக்கு அது நம்ம பொருளா?" என்றாள்.

நம்ம பொருள் இல்லைதான். எண்பத்தேழாம் வருஷம் செப்டம்பரில் எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. எங்கள் ஊரில் மாமாதான் முன்னால் நின்றவர். விடியும்போதே அவரும் இன்னும் நாலு பேரும் எங்கள் வாசலுக்கு எதிரே இருந்த புளியமரத்தை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்தார்கள். கரியாலூரிலிருந்து திருக்கோவிலூர் போகிற பஸ் அதற்கு முன்னால் வந்து நின்றது. திரும்பிப் போகலாம் என்று பார்த்தால் அதற்குள் பின்னாலும் ஒரு மரம் விழுந்துவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் நடையைக் கட்டினார்கள். தூரத்து ஜனம் எங்கே போகும்? அக்கா எல்லோரையும் வீட்டுக்குள் கூப்பிட்டுவிட்டாள். புருஷன் மரத்தை வெட்டிப் போட்டார், பெண்டாட்டி சோறு வடித்துப் போட்டாள்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடும். டிரைவர் எங்கள் மாட்டைக் கறந்தார். கண்டக்டர் நாராயணசாமி அம்மியில் உட்கார்ந்து மிளகாய் அரைத்தார். காக்கிச் சட்டையெல்லாம் மசாலா. கச்சிராயபாளையத்தில் வேலை பார்த்த ராதிகா டீச்சர் கமலாவுக்குத் தலை பின்னிவிட்டாள். திருக்கோவிலூர்ப் பெரியவர் ஒருவர் பொழுது சாய்ந்தால் சாமி பாட்டு பாடுவார், குரல் சுமார்தான், ஆனால் எல்லோரும் கேட்டோம். துப்பாக்கிச் சூடு, கைது என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. வெளியே ஊரே கொதித்துக் கிடந்தது, உள்ளே பந்தி நடந்தது. அக்கா அத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அதோடு முடிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அந்த பஸ்ஸில் மலைக்காரர் ஒருவர், அம்மாசி என்று பேர், சம்சாரத்தோடும் கைக்குழந்தையோடும் வந்திருந்தார். குழந்தைக்குக் காய்ச்சல், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அக்கா உள்ளறையை அவர்களுக்கு விட்டு, கஷாயம் வைத்துக் கொடுத்தாள். காய்ச்சல் விட்டது. எல்லோருக்கும் நிம்மதி. மூன்றாம் நாள் காய்ச்சல் மறுபடியும் ஏறி, குழந்தைக்குக் கை கால் இழுக்க ஆரம்பித்துவிட்டது.

மாமா ஓடிப்போய் மாட்டை வண்டியில் பூட்டினார். வண்டி எப்படிப் போகும்? அவர் வெட்டிய மரம் குறுக்கே கிடக்கிறது. இரண்டு பக்கமும் நடவு வயல், முழங்கால் சேறு. கோடாலியை எடுத்துக்கொண்டு அதே மரத்தை இரண்டாம் தரம் வெட்ட ஆரம்பித்தார். அடிமரம், லேசில் அறுபடுமா? அம்மாசி காத்திருக்கவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மரத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்து நடந்தார். பின்னாலேயே அந்தப் பெண்ணும் போனாள். குழந்தையிடமிருந்து சத்தமே வரவில்லை. மாமா கோடாலியோடு அப்படியே நின்றார்.

வாரம் முடிந்து மரத்தை அகற்றியதும் டிரைவர் ஆரன் அடித்தார். அவரவர் அவசரத்தில் ஏறியதில் ஒரு குடை, டீச்சரின் டிபன் கேரியர், யாரோ கொண்டுவந்த முறுக்கு அச்சு, ஒரு ஜமுக்காளம் எல்லாம் இங்கேயே தங்கிவிட்டன. உள்ளறையில், குழந்தைக்குப் பால் புகட்டுகிற சின்னப் பித்தளைப் பாலாடை ஒன்றும் கிடந்தது.

அந்தக் குழந்தை பிழைத்ததா என்று எங்களுக்குத் தெரியாது. தினம் அதே பஸ் வாசலில் போகிறது. ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதால்தான் யாரும் கேட்கவில்லை. மாமா அதற்கப்புறம் அந்த அறைப் பக்கமே போகமாட்டார். எண்பத்தொன்பதில் இருபது சதவீத ஒதுக்கீடு அறிவித்தபோது ஊரில் மிட்டாய் கொடுத்தார்கள். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாரே தவிர வாயில் போடவில்லை. எறும்பு மொய்த்தபோதுதான் அக்கா பார்த்தாள்.

இப்போது அந்த மூலையைக் காலி செய்தாக வேண்டும். வழி சொன்னவர் கண்டக்டர் நாராயணசாமி. அவர் இன்னமும் அதே பஸ்ஸில்தான் இருந்தார்.

தினம் ஒன்றாகக் கொடுங்கள், நானே ஆளைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்றார். சொன்னபடியே முதலில் குடையை பஸ் கம்பியில் மாட்டிக்கொண்டு போனார். திருக்கோவிலூர்ப் பெரியவர் அடையாளம் கண்டு வாங்கிக்கொண்டாராம். மறுநாள் அவர் கொடுத்ததென்று ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் வந்து இறங்கியது. ஜமுக்காளம் போனது, வள்ளிக்கிழங்கு வந்தது. டிபன் கேரியரை வெறுமையாக அனுப்ப அக்காவுக்கு மனசில்லை, அடுத்த வீட்டுப் பாத்திரத்தை யார்தான் வெறுமையாகத் திருப்புவார்கள்? அதிரசம் சுட்டு அடுக்கினாள். அதிரசத்தைத் தின்றுவிட்டு ராதிகா டீச்சர் சும்மா இருப்பாளா? தன் வீட்டுத் தூக்கில் பால்கோவா அனுப்பினாள். அந்தத் தூக்கை அக்கா முறுக்கு போட்டுத் திருப்ப வேண்டியதாயிற்று. முறுக்கு அச்சுக்குச் சொந்தக்காரர் அகப்படாமல் போனது அந்த வகையில் வசதி.

"வூட்டக் காலி பண்ணச் சொன்னா ஏவாரம் பண்ணிக்கினு இருக்கா" என்று மாமா புலம்பினார். ஆனால் பால்கோவாவில் பாதி அவர் தின்றதுதான்.

அந்த நாட்களில் வீடு மறுபடியும் அந்தப் பழைய வாரம் போலவே ஆகிவிட்டது. பஸ் நின்றால் யாராவது ஜன்னல் வழியாகக் கையை ஆட்டுவார்கள். என்னை ஞாபகம் இருக்கிறதா அக்கா என்பார்கள். அவளுக்கு எல்லோரையும் ஞாபகம் இருந்தது. யாருக்குக் காரம் ஆகாது, யார் ரசம் கேட்டு வாங்கிக் குடித்தது என்பது வரைக்கும் சொன்னாள்.

மூலை காலியாகி, அறையைச் சாணம் போட்டு மெழுகி, கயிற்றுக் கட்டிலும் போட்டாகிவிட்டது. மாடத்தில் பாலாடை மட்டும் இருந்தது. நாராயணசாமி தினமும் பஸ்ஸை நிறுத்துவார். அக்கா நாளைக்குத் தருகிறேன் என்பாள். அம்மாசி சந்தைக்கு வருகிறார், கரியாலூரைத் தாண்டி எந்தக் குக்கிராமம் என்றும் தெரியும், ஆனால் குழந்தையைப் பற்றிக் கேட்கத் தனக்கும் வாய் வரவில்லை என்று நாராயணசாமி என்னிடம் தனியாகச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை கமலா வருகிறாள். புதன்கிழமை நான் பொறுமை இழந்து, அக்காவை ஒரு பிடி பிடித்தேன்.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். "வெறும் பாலாடையா எப்பிடிடி குடுக்கறது? சக்கர போட்டுக் குடுத்து, அங்க கொழந்த இல்லன்னா அந்தப் பொண்ணு இன்னா நெனைக்கும்? கொழந்த இருந்து, நான் வெறுமனே குடுத்தன்னா அது எவ்ளோ கேவலம்?"

சொல்லிவிட்டு அழுதாள். தன் பெண்ணை எந்த மனசோடு அந்த அறையில் படுக்க வைப்பது என்றாள்.

வெளியே நின்று மாமா கேட்டிருக்கிறார். அவர் காலடி எடுத்து வைக்காத அந்த அறைக்குள் வந்தார். மாடத்தில் கையை விட்டுப் பாலாடையை எடுத்தார்.

"நான் போறேன்" என்றார். "மரத்த வெட்டனது நானு. அங்க இன்னா இருந்தாலும் நான்தான் பாக்கணும்."

அக்கா அவசரமாகச் சர்க்கரை டப்பாவை எடுத்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். பெட்டியிலிருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறினார். அம்மாசியின் குக்கிராமத்துக்கு வழி சொல்லி நாராயணசாமி அவரைக் கரியாலூரில் இறக்கிவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அன்றைக்கு அக்கா வேறு ஒரு வேலையும் செய்யவில்லை. மெழுகிய தரையையே மறுபடியும் மெழுகினாள். சோறு பொங்கினேன், சாப்பிடவில்லை. மலைப்பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ரோட்டுக்கு ஓடினாள். வெயில் இறங்கிய பிறகு பஸ் வந்து நின்று, மாமா இறங்கினார். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து அக்கா காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டது நான்தான். குழந்தை என்ன ஆச்சு மாமா என்றேன்.

அவர் கிணற்றடியில் போய் உட்கார்ந்தார்.

"மரத்து மேல இருந்துச்சி" என்றார். "வூட்டுக்கு முன்னால ஒரு குட்டி மரம். அதும் மேல ஏறி ஒக்காந்துக்கினு எறங்க மாட்டன்னு அடம். அவங்க அம்மா கீழ நின்னுக்கினு கத்துது. நான் போயி, வாம்மான்னு கைய நீட்டுனேன். ஒதச்சிச்சி ஆண்டாளு. இங்க ஒதச்சிச்சி."

தோளைத் திருப்பிக் காட்டினார். வெள்ளைச் சட்டையில் சின்னதாக ஒரு செம்மண் கால் தடம், ஐந்து விரலும் தெரிந்தது. காட்டும்போதே அவருக்கு உடம்பெல்லாம் குலுங்கி, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதார். கல்யாணமாகி வந்த நாளாக அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்தத் தடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"நல்லா பலமாத்தான் ஒதச்சிருக்கு" என்றாள்.